பட்டறையில் பிறந்த காருக்கு பாலிசி யார் தருவார்?

"சார், தண்டையார்பேட்டையிலிருந்து பேசுறேன். பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வச்சிருக்கேன். மாருதி இன்ஜின் போட்டு, பாடியெல்லாம் புதுசா அடிச்சு எடுத்திருக்கோம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போடுவோம்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

மோட்டார் சர்வேயர் வேலையில் இந்த மாதிரி போன்கள் வாடிக்கையாகிவிட்டன. தேர்டு பார்ட்டி என்றால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும், சொந்த வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. நான் ஒரு வார்த்தை சொல்லி யாருக்கும் பாலிசி கிடைக்கப் போவதில்லை. விபத்துக்குப் பிறகு வந்து இழப்பைக் கணக்குப் போடுவதுதான் சர்வேயரின் வேலை. பாலிசி தரலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் அண்டர்ரைட்டர். ஆனால் அவர் ஏன் கையை விரிக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு ஸ்விஃப்ட் காருக்கு பாலிசி போட அவருக்கு இரண்டு நிமிடம் போதும். கம்பெனி, மாடல், வேரியன்ட், வருஷம், சிசி எல்லாம் திரையில் வரிசையாக இருக்கும். அந்த மாடல் எவ்வளவு விபத்தில் சிக்குகிறது, பம்பர் என்ன விலை, எத்தனை திருடு போகிறது என்று நாடு முழுவதும் ஓடும் வண்டிகளின் கணக்கு அவரிடம் இருக்கிறது. உங்கள் வண்டி அந்தப் பட்டியலிலேயே இல்லை. இன்ஜின் ஒரு கம்பெனி, ஸ்டீயரிங் இன்னொரு கம்பெனி, சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) கொருக்குப்பேட்டைப் பட்டறை. யார் வெல்டு அடித்தார், பிரேக் மிதித்தால் வண்டி நேராக நிற்குமா, இதற்கு முன் எங்கே இடித்தது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் இல்லை. உங்கள் வண்டியைப் பார்த்து அவர் பயப்படவில்லை. அதைப் பற்றி ஒன்றுமே தெரியாததுதான் அவருக்குப் பயம். அந்த விவரத்தைத் தனி ஆள் எவ்வளவு சொன்னாலும் "உங்க வண்டியை நீங்க நல்லாத்தானே சொல்வீங்க" என்று முடிந்துவிடும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒருவர் வண்டியை இன்னொருவர் பார்த்து, பார்த்ததை எழுதி வைத்தால் கதை வேறு.

இதற்காகத்தான் சங்கம் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இசிஆரில் டீ குடிக்கப் போகிற சங்கம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதைச் சொல்லவில்லை.

எந்த வண்டிகள்?

கிட் கார் என்பது இங்கிலாந்தில் வளர்ந்த பழக்கம். லோட்டஸ் கம்பெனி 1957-இல் வெளியிட்ட 'செவன்' காரை உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, உதிரியாக வாங்கினால் இல்லை. வரியை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தது பொழுதுபோக்காகி, பிறகு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது.

நம் ஊரில் அப்படிப் பெட்டியில் வந்து இறங்கும் கார் அனேகமாக இல்லை. ஆனால் கையால் கார் கட்டுவது வடசென்னைக்குப் புதிதல்ல. செங்குன்றம் தாண்டி சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்திய நாட்களில் ஹெரால்டும் ஃபியட்டும் அம்பாசடரும் ஆளை அடையாளம் தெரியாத அளவுக்கு மாறி வந்து ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது, சோழவரம் ஓய்ந்தது. கைப்பழக்கம் மட்டும் ஓயவில்லை. திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எண்ணூரில் லேலண்டும் 1950-களிலேயே வேரூன்றிய பகுதி இது. லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த ஆள் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்.

இன்று என் கண்ணில் படுபவை மூன்று ரகம். முதலாவது, மேலே போனில் சொன்னவர் வண்டி மாதிரி: ஒழுங்கான ஆர்.சி. உள்ள பழைய கார், உள்ளே இன்ஜினோ பிரேக்கோ மாறியிருக்கும். இரண்டாவது, சேசிஸ் முதல் எல்லாமே சொந்தமாகக் கட்டியது. பெரும்பாலும் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜின், இரண்டு சீட், கதவில்லாத உடம்பு. மூன்றாவது ஜீப். ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஆர்டருக்குச் செய்து, ஏதோ ஒரு பழைய ஜீப்பின் ஆர்.சி.யோடு லாரியில் வந்து இறங்குவது. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல்.

சட்டத்தை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு நேரடியானது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் பொருந்தாதபடி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கலர் மாற்றுவது, சின்னச் சின்ன பொருத்துதல்கள் பரவாயில்லை. அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்க முடியாது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். இன்ஜின் ஒன்று, சேசிஸ் வெட்டியது ஒன்று என்று கணக்கு கூடிக்கொண்டே போகும்.

அங்கீகாரம் பெற்ற சிஎன்ஜி கிட், மாற்றுத்திறனாளிக்காகச் செய்யும் மாற்றம் போன்றவற்றுக்கு வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் போட்டால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஹெரால்டில் மாருதி இன்ஜின் இந்த வகையில் வராது. ஆகவே முதல் ரகக்காரர்களுக்கு என் யோசனை: எந்த மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்ற முடியும், எதை ஏற்றவே முடியாது என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்ற முடியாததைப் பழையபடி மாற்றிவிடுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். வண்டி 50 வருஷம் தாண்டியது என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2021-இல் வந்த விதிகளின்படி, பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் காத்த வண்டியை வின்டேஜ் வண்டியாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். மாருதி இன்ஜினோடு அந்தப் பக்கம் போக முடியாது.

முழுக்கச் சொந்தமாகக் கட்டிய காருக்கு ரோடு கனவுதான். மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி எந்தப் புது மாடலின் மாதிரி வண்டியும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேற வேண்டும். ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி என்ற வாகனச் சோதனை மையம் நமக்குப் பக்கத்தில் இருப்பது. லட்சக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு அந்தச் செலவு ஒன்றுமில்லை, ஒரே ஒரு கார் கட்டுபவருக்குக் கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட கார் டிரெய்லரில் ஏறி டிராக்குக்குப் போகட்டும். "ராத்திரி பதினொரு மணிக்கு மேல ஒரு ரவுண்டு மட்டும்" என்பவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்று எழுதியே வையுங்கள்.

ஜீப் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். பழைய ஜீப்பின் சேசிஸ் நம்பர் உள்ள துண்டை மட்டும் வெட்டி, புதுச் சேசிஸில் ஒட்டவைத்து பெயின்ட் அடித்திருப்பார்கள். அதற்குப் பெயர் மாற்றமல்ல, மோசடி. நம்பர் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் அச்சு எடுக்கும்போதே எழுத்தின் ஆழமும் இடைவெளியும் காட்டிக்கொடுத்துவிடும், சந்தேகம் வந்தால் ரசாயனம் தடவிப் பார்க்கிற வரை போகும். வாங்கியவருக்குத் தெரியாமலேகூட இது நடந்திருக்கலாம். தெரிந்த பிறகும் ஓட்டினால் அது அவர் பொறுப்பு.

இதையெல்லாம் பார்க்காமல் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். ஒரு ஆளை இடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் உள்ள மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு வழக்கு போகும். பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கட்டும்படி உத்தரவாகும், பாலிசி நிபந்தனையை மீறியது நிரூபணமானால் அந்தப் பணத்தை உங்களிடம் வசூலித்துக்கொள்ளவும் உத்தரவாகலாம். பணத்தைக் கட்டிவிட்டு கம்பெனி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். வீட்டுப் பத்திரம்வரை போன வழக்குகள் உண்டு.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நான் பார்த்த வண்டிகளில் திரும்பத் திரும்பத் தென்படும் குறைகள் சில உண்டு. கட்டியவர்கள் சோம்பேறிகள் அல்ல. அழகாக பாலிஷ் செய்த டேஷ்போர்டுக்குப் பின்னால்தான் இந்தக் குறைகள் ஒளிந்திருக்கும்.

சீட் பெல்ட் முதலில். பெல்ட் நல்ல கம்பெனியாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் போல்ட் ஹார்டுவேர் கடை போல்ட்டாக இருக்கும். தலையில் 8.8 என்றோ வேறு எதுவோ வலுவைச் சொல்லும் குறி இல்லாத போல்ட்டைப் பார்த்தால் அங்கேயே சர்வேயை நிறுத்திவிடத் தோன்றும். கார் கம்பெனிகள் பெல்ட்டுக்கு வழக்கமாகப் போடுவது 7/16 இன்ச் போல்ட். அதைவிட முக்கியம், போல்ட் எதில் இறங்கியிருக்கிறது என்பது. மெல்லிய தரைத் தகட்டில் ஓட்டை போட்டு ஒரு வாஷரோடு நட்டை முறுக்கியிருந்தால், மோதும்போது அந்த வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அடியில் மூன்று மில்லி தடிமனில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளேட் வேண்டும். செலவு நூறு ரூபாய்க்குள்.

அடுத்தது ரோல் பார். கறுப்பு பெயின்ட் அடித்துக் கம்பீரமாக நிற்கும். கிட்டப் போய் விரலால் தட்டினால் தண்ணீர் ஜிஐ பைப். ரேஸ் விதிகளில் முக்கிய ரோல் பாருக்கு 45 மில்லி விட்டம், 2.5 மில்லி தடிமன், தையலில்லாத குளிர்முறை இழுப்புக் குழாய் என்று இருக்கிறது. தையல் உள்ள தண்ணீர் பைப் வண்டி கவிழ்ந்தால் தையலோடு பிளந்து கூர்முனையாகும். ஒன்று சரியானதைப் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றுமே போடாதீர்கள். இன்னொன்று: ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் வண்டியில் தலைக்கு எட்டும் தூரத்தில் ரோல் பார் இருந்தால், சாதாரண இடிக்கே மண்டை உடையும். நுரை உறை கட்டாயம்.

பிரேக்கைப் பற்றி நிறைய பேசலாம். பழைய கார்களின் மாஸ்டர் சிலிண்டரில் (பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) ஒரே சர்க்யூட்தான். ஒரு சக்கரத்தில் ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. இரண்டு தனி சர்க்யூட் உள்ள டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போடுவது நல்ல காரியம். ஆனால் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பின்பக்க பாடியைக் கழற்றி எடையைக் குறைத்துவிட்டு, பாகங்களை எடுத்த மூலக் காரின் (டோனர் கார்) பிரேக்கை அப்படியே வைத்துவிடுவார்கள். பின்சக்கரத்தில் எடை இல்லை, பிரேக் மட்டும் அதே வலு. அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகும், வண்டி பம்பரமாகச் சுற்றும். மழை பெய்த ரோட்டில் கேட்கவே வேண்டாம். காலி மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துப் பார்த்து, முன்சக்கரம்தான் முதலில் நிற்கிறதா என்று இன்னொருவர் வெளியிலிருந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்து பார்த்ததாகச் சொன்ன ஓனர் மிகக் குறைவு.

நெருப்பு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் கார்ப்ரேட்டர் பேக்கிங்கையும் எத்தனால் உப்ப வைத்து, விரிசல் விட வைக்கும். கொருக்குப்பேட்டையில் ஒரு ஷெட்டில் பானெட்டைத் திறந்து ஹோஸை இரண்டு விரலால் மடித்தேன். மடிப்பில் நுணுக்கமாக விரிசல். கீழே எக்ஸாஸ்ட் ஒரு சாண் தூரத்தில். "நேத்துகூட செங்குன்றம் வரைக்கும் போய்ட்டு வந்தேன் சார்" என்றார் ஓனர். போயிருப்பார்தான். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் மாற்றுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மடித்துப் பாருங்கள், கை எட்டும் இடத்தில் ஒரு ஃபயர் எக்ஸ்டிங்குஷர் வையுங்கள். சீட்டுக்குப் பின்னால், பெட்டிக்கு அடியில் வைப்பது வேலைக்கு ஆகாது.

வயரிங்கும் நெருப்போடு சேர்ந்ததுதான். 12 வோல்ட்டில் 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். "வெளிச்சம் பத்தலை" என்று 100 வாட் பல்பு இரண்டு மாட்டினால் பதினாறைத் தாண்டும். வயர் அதேதான், சுவிட்சும் அதேதான். சுவிட்சின் சுமையைத் தான் தாங்கும் ரிலே இல்லை. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அதைவிடப் பெரிய ஃப்யூஸ் போட்டிருப்பார்கள். அப்புறம் ஃப்யூஸுக்குப் பதில் வயரே எரியும்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று துரு. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை கடல்காற்றில் நிற்கும் வண்டிக்கு வெளியே பெயின்ட் பளபளக்கும், பாக்ஸ் சேசிஸ் உள்ளேயிருந்து அரிக்கும். தண்ணீர் வடிய அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். வெல்டு ஓரத்தில் சத்தம் மந்தமானால் அங்கே சுரண்டிப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இதை ஒத்திப்போடவே கூடாது.

இன்னொன்று கன்டெய்னர் டிரெய்லர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி, மாதவரம் பக்கமும் இடுப்பளவு உயரக் காரை ஓட்டுவது தைரியம் காட்டுகிற விஷயமல்ல. டிரெய்லர் டிரைவர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து அவருடைய இடது முன்மூலையில் நிற்கும் குட்டைக் கார் கண்ணில் படாது. சிக்னலில் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பதைச் சங்கம் புதியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பின்பக்கம் உயரமாக ஒரு பிரேக் லைட், பகலிலும் எரியும் முன்விளக்கு. கூட்டமாகப் போகும் நாளில் துறைமுக லாரி நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்புவது. அவ்வளவுதான்.

சங்கம் என்ன செய்ய வேண்டும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். பதிவு முக்கியம். வாட்ஸ்ஆப் குரூப் அட்மின் கொடுக்கும் கடிதத்தை எந்த அண்டர்ரைட்டரும் படிக்கப் போவதில்லை.

சங்கத்தின் உயிர் அதன் ஃபைல்களில் இருக்கிறது. வண்டிக்கு ஒரு ஃபைல். பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த வெல்டு போட்டோக்கள் (அடித்த பிறகு எந்தக் கொம்பனாலும் அதைப் பார்க்க முடியாது), சாமான் வாங்கிய பில்கள், இன்ஜின், சேசிஸ் நம்பர்களின் பென்சில் அச்சு, எடை மேடைச் சீட்டு. மணலியிலும் மாதவரத்திலும் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை போட்டாலே பிரேக் பற்றி மேலே சொன்ன கணக்கு பாதி தெரிந்துவிடும். அதோடு, பில் இல்லாத பாகத்துக்கு கிளெய்மில் நான் பணம் எழுதுவது கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வருஷத்துக்கு ஒரு சோதனை. இரண்டு பேர் பார்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும். வண்டியைக் கட்டிய மெக்கானிக்கோ, ஓனரின் மச்சானோ அந்த இருவரில் இருக்கக் கூடாது. தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் திருவொற்றியூரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள், காசுகூட வாங்க மாட்டார்கள். தேறாத வண்டி சரிசெய்யும்வரை சங்க ரைடுக்கு வரக் கூடாது. தலைவர் வண்டியாக இருந்தாலும் அப்படித்தான். இந்த ஒரு விதியில்தான் பல சங்கங்கள் உடையும். முதல் வருஷத்திலேயே ஒரு பெரிய மனிதரின் வண்டி தேறாமல் போகும், அவர் கோபித்துக்கொண்டு போவார். போகட்டும்.

சோதனைச் சீட்டில் "இந்த வண்டி பாதுகாப்பானது" என்று எழுதாதீர்கள். அது சான்றிதழ் மாதிரி ஆகிவிடும். நாளை விபத்தானால் கையெழுத்துப் போட்டவர் கோர்ட்டுக்கு நடப்பார். "இந்தத் தேதியில், இந்த இருவர், இவற்றைப் பார்த்தார்கள், இப்படி இருந்தன" என்று எழுதுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதிக்கு அது பதிலாகாது என்பதையும் அதிலேயே சேருங்கள்.

அப்புறம் ஒரு விபத்துப் பதிவேடு. இடித்தது, இடிக்கப் போய் தப்பியது, நடுரோட்டில் நின்றது, புகை வந்தது என எல்லாமே. பெயர் வேண்டாம், வண்டி வகை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்பது போதும். வெட்கப்பட்டு மறைத்தால் பதிவேடு செத்துவிடும். இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காக எழுதினால், எந்தக் கம்பெனியிடமும் இல்லாத ஒரு கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

இது நடக்காத கதையல்ல. நியூசிலாந்தில் பழைய கார், ஹாட் ராட் சங்கங்கள்தான் ஒன்றுகூடி எல்விவிடிஏ என்ற தொழில்நுட்ப அமைப்பை உண்டாக்கின. சொந்தமாகக் கட்டிய அல்லது மாற்றிய காரை அங்கே அங்கீகாரம் பெற்றவர் சோதித்துத் தகடு ஒட்டுகிறார், அந்தத் தகட்டை அரசும் ஏற்கிறது. பொழுதுபோக்குக்காரர்கள் தாங்களே விதி எழுதி, அதைத் தங்கள் மீதே கறாராக நடத்திக் காட்டியதால் வந்த மரியாதை அது. இங்கிலாந்தில் தனி ஒரு காரைச் சோதித்து ரோட்டுக்கு விடும் ஐவிஏ முறை இருக்கிறது. சங்கங்கள் கொடுக்கும் மதிப்பீட்டை வைத்து ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி போடும் வழக்கமும் உண்டு. நம் சட்டம் அங்கே இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று கேட்பதற்குக்கூட கையில் ஒரு பதிவேடு இருந்தால்தான் பேச முடியும்.

கம்பெனியில் என்ன கேட்கலாம்

சங்கம் இருந்தாலும் பாலிசி ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிதான். ஆன்லைனில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தத் திரையில் உங்கள் மாடல் வராது. கிளை அலுவலகத்துக்கு ஃபைலோடு நேரில் போங்கள்.

அங்கே கேட்க வேண்டிய முதல் விஷயம் ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும், கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்ட மாடலுக்கும் ஐடிவியைக் கம்பெனியும் ஓனரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்பது நடைமுறை. பலருக்கு இது தெரியாது, கம்பெனி போட்ட இருபதாயிரத்துக்குக் கையெழுத்திட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். சங்கத்தின் மதிப்பீட்டுக் கடிதமும் பில்களும் இருந்தால் இங்கேதான் பயன்படும். வண்டியோடு வராத மின்சாதனங்களைத் தனியாக மதிப்புப் போட்டுச் சேர்க்கலாம், பழைய டாரிஃபில் (முன்பு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டணப் பட்டியல்) அதற்கு 4 சதவீதம். மாதத்துக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் வண்டி என்றால், 2022-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்த 'ஓட்டும் தூரத்துக்கேற்ற பிரீமியம்' கிடைக்குமா என்று கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆட்டோமொபைல் சங்க உறுப்பினருக்குப் பழைய டாரிஃபில் 5 சதவீதத் தள்ளுபடி இருந்தது, காருக்கு அதிகபட்சம் 200 ரூபாய். இருநூறு ரூபாய்க்காக யாரும் சங்கம் வைக்க வேண்டாம்.

ப்ரொபோசல் ஃபாரத்தை ஏஜென்ட்டிடம் கொடுத்து "நீங்களே போட்டுடுங்க" என்று சொல்லாதீர்கள். மாற்றம் ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு அவர் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுவார், அவருக்குப் பாலிசி போனால் சரி. பிறகு கிளெய்ம் நேரத்தில் நான் வந்து பானெட்டைத் திறக்கும்போது அந்த டிக்தான் உங்களுக்கு எதிரான சாட்சி. நிபந்தனை மீறலில் முழுக்கவும் மறுக்காமல் 75 சதவீதம்வரை கொடுக்கலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை நம்பி மறைக்காதீர்கள், அது சொந்தக் காரை வாடகைக்கு விட்ட வழக்கு.

டிராக்குக்குப் போகும் நாளில் சாதாரண பாலிசி வேலை செய்யாது. ரேஸ், வேகச் சோதனை எல்லாம் பாலிசியிலேயே விலக்கு. இருங்காட்டுக்கோட்டையில் சுவரில் மோதிவிட்டு "வரும் வழியில் மோதியது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். டயர் ரப்பரும் சுவரின் பெயின்ட்டும் எங்கே மோதியது என்று சொல்லிவிடும்.

விபத்து நடந்தால், ஆளுக்கு அடி என்றால் முதலில் 108. அப்புறம் வண்டி நின்ற இடத்திலேயே நான்கு பக்கமும் போட்டோ, அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல், ஸ்டேஷனில் புகார். 50,000 ரூபாய்க்கு மேல் இழப்பு என்றால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தாக வேண்டும். அதற்கு முன் வண்டியைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். சங்கத்து ஃபைலின் ஒரு நகலைச் சர்வேயர் கையில் கொடுங்கள். எந்த வெல்டு பழையது, எது இந்த இடியில் விட்டது என்று அந்த போட்டோக்களை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.